ஏழாவது குரல்

கோதண்டத்துக்கு ஆட்களைப் பார்த்து எண்ணிப் பழக்கமில்லை. கேட்டுத்தான் எண்ணுவார்.

காசிமேட்டில் இருபத்து நான்கு வருஷம் விசைப்படகு ஓட்டியவர். கரை திரும்பும்போது துறைமுக வாயின் கருங்கல் அணை கண்ணில் பட்டதும், கேபினில் நின்று முன்னால் பார்த்துக்கொண்டே "ஒண்ணு" என்பார். அது அவருடைய எண். பின்னால் வலை மடிக்கிறவனும் ஐஸ் அள்ளுகிறவனும் பாத்திரம் கழுவுகிறவனும் இருந்த இடத்திலிருந்தே "ரெண்டு", "மூணு" என்று தொடர்வார்கள். ஒன்பது வந்ததும் படகு உள்ளே நுழையும். திரும்பிப் பார்க்கக்கூடாது. தண்ணீரில் இருக்கும்போது ஆட்களை முகம் பார்த்து எண்ணினால் ஒரு தலை குறையும் என்பது அந்தப் படகில் அவருக்கு முந்தைய டிரைவர் காலத்திலிருந்தே வந்த பேச்சு. அதைத் தான் நம்புகிறோமா என்று கோதண்டம் யோசித்ததில்லை. வலது கையால் சாப்பிடுவது போல அதுவும் ஒரு வழக்கம்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாத விடியலில், பனி மூட்டத்துக்குள் அவருடைய படகு ஒன்பது எண்களோடு துறைமுகத்துக்குள் வந்தது. கயிறு கட்டி மேடையில் இறங்கி நின்றவர்கள் எட்டுப் பேர்.

இல்லாதவன் அர்ஜுன். கோதண்டத்தின் தங்கை பச்சையம்மாவின் ஒரே மகன், இருபத்து மூன்று வயது. அவன் எண் ஏழு.

ஏழு என்ற குரலை எல்லாரும் கேட்டிருந்தார்கள். யார் சொன்னது என்றுதான் தெரியவில்லை. எட்டுப் பேரும் அவரவர் எண்ணை மட்டுமே சொன்னதாகக் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். அந்த எட்டுப் பேரில் கோதண்டமும் ஒருவர், அவருடைய மகளின் புருஷன் மணியும் ஒருவன். நாற்பது படகுகள் நான்கு நாள் தேடின. உடல் கிடைக்கவில்லை.

ஏழு விடுபட்டிருந்தால் கோதண்டம் அங்கேயே படகைத் திருப்பியிருப்பார். கடல் அன்று தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது. நீந்தத் தெரிந்தவன் அதில் மணிக்கணக்கில் மிதப்பான். இது காசிமேட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு, அதைக் கோதண்டம் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் குரல் தாழ்வாக வந்தது. நிற்கிற ஆளின் உயரத்திலிருந்து வரவில்லை. இடது பக்கம், பின்னால், படகின் விளிம்புக்கும் கீழே இருந்து வந்தது போலிருந்தது. அதுவும் ஒரு தடவை வரவில்லை. ஒன்றரைத் தடவை வந்தது. "ஏழு" என்று ஒரு குரல், அதன் வால் போல இன்னொரு பாதி. பனியில் சத்தம் அப்படித்தான் உடையும் என்று அந்த நேரத்தில் நினைத்தார். எட்டு வருஷமாக வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் படகில் கால் வைக்கவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஐஸ் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தார். கொக்கி போட்டு இழுத்துச் சறுக்குப் பலகையில் தள்ளுகிற கட்டிகளைச் சத்தமாக எண்ண வேண்டும். "ஆறு" என்பார், அடுத்த கட்டிக்கு வாயை மூடிக்கொள்வார், பிறகு "எட்டு" என்பார். புதிதாக வந்த பையன்கள் "இன்னா பெர்சு, ஏழ முழுங்கிட்டியா?" என்று சிரிப்பார்கள். விஷயம் தெரிந்த யாராவது அவன் விலாவில் இடிப்பார்கள்.

ஒவ்வொரு தையிலும் அந்தத் தேதியில் பச்சையம்மா மூன்று தெரு நடந்து அண்ணன் வீட்டுக்கு வருவாள். அண்ணி அங்கம்மா கொடுக்கிற டீயைக் குடிப்பாள். கிளம்பும்போது வாசலில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டே கேட்பாள்.

"ஏழுன்னு சொன்னது யாருண்ணா?"

"தெர்லமா."

"சரி."

அவ்வளவுதான். அடுத்த தை வரைக்கும் அதைப் பற்றிப் பேச்சு இருக்காது.

*

பழவேற்காடு போவது என்று முடிவு செய்தது பேத்தி சௌமியா. ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள். பாடப் புத்தகத்தில் டச்சுக்காரர்கள் வந்து கோட்டை கட்டிய ஊர் என்று போட்டிருந்ததாம். மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். மணி வீட்டில்தான் இருந்தான். நண்பனின் ஆம்னி வேன் ஒரு நாளைக்குக் கிடைத்தது.

"பொறந்ததுலேந்து கடல்ல கெடக்குறோம். கடல் பாக்க டூரா?" என்றாள் அங்கம்மா.

"கடல் இல்ல ஆயா, ஏரி" என்றாள் சௌமியா. "அப்பால சமாதி."

"அது இன்னும் விசேசம்."

சௌமியாவின் அம்மா பவானி தன் அத்தை பச்சையம்மாவையும் கூப்பிட்டாள். வரமாட்டாள் என்று நினைத்துத்தான் கூப்பிட்டாள். பச்சையம்மா காலை ஆறு மணிக்கே மீன் குழம்புத் தூக்கோடு வாசலில் நின்றாள்.

வேன் திருவொற்றியூர் தாண்டும்போது ஆட்டம் தொடங்கியது. தாத்தா படகில் ஆட்களை எண்ணின கதையைச் சௌமியா யாரிடமோ கேட்டிருந்தாள். முழுக் கதையையும் கேட்டிருக்கவில்லை.

"தாத்தா, நீ ஒண்ணு சொல்லு. நாங்க சொல்லிகினே வரோம்."

கோதண்டம் முன் சீட்டில் இருந்தார். சாலையைப் பார்த்தபடி வேண்டாம் என்று தலையசைத்தார். "சொல்லு நைனா, கொயந்த கேக்குதில்ல" என்றாள் பவானி. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒண்ணு."

"ரெண்டு" என்றாள் அங்கம்மா, சலிப்போடு. பச்சையம்மா "மூணு" என்றாள். "நாலு", இது பவானி. ஓட்டிக்கொண்டிருந்த மணி "அஞ்சு" என்றான். சௌமியா "ஆறு" என்று கத்தினாள்.

"ஏழு!" என்றாள் அவள் தங்கை சினேகா.

அவளுக்கு ஆறு வயது. அர்ஜுன் போன பிறகு பிறந்தவள். மணி ஹார்ன் அடித்தான். முன்னால் வண்டி எதுவும் இல்லை.

"நீ எட்டு சொல்லு கண்ணு" என்றாள் பவானி மெதுவாக.

"எட்டு எங்க கீது? ஏழு பேர்தான கீறோம்?"

"சொல்லட்டும் பவானி" என்றாள் பச்சையம்மா. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது அவ நம்பரு. சொல்லட்டும்."

நெட்டுக்குப்பத்துப் பக்கம் புகைபோக்கிகள் தெரிந்தன. கழிமுகத் தண்ணீர் சாம்பலைக் கரைத்த மாதிரி அசையாமல் கிடந்தது. அதன் நடுவில் இடுப்பளவில் ஒருவன் நின்று கையால் இறால் தடவிக்கொண்டிருந்தான். வேன் தாண்டிப் போகிற வரைக்கும் அவன் தலையைத் தூக்கவில்லை. மீஞ்சூரில் நிறுத்தி நாஸ்தா சாப்பிட்டார்கள். திரும்ப ஏறும்போது சினேகா மறுபடி எண்ணச் சொன்னாள். எண்ணினார்கள். ஒவ்வொரு தடவையும் ஏழு வரும்போது கோதண்டத்தின் கழுத்து விறைத்தது. முன்னால் கண்ணாடியில் பின் சீட்டு தெரிந்தது. அவர் அதைப் பார்க்காமல் இருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

*

டச்சுக்காரர்களின் சமாதித் தோட்டத்து வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருந்தது. சினேகா அதன் விலா எலும்பில் விரல் வைத்து எண்ண ஆரம்பித்தாள். அங்கம்மா கையைத் தட்டிவிட்டாள்.

உள்ளே புல் முழங்கால் வரைக்கும் காய்ந்து நின்றது. ஆள் உயரத்துக்கு மேலே சில சமாதிகள் கூம்பாகவும் கோபுரமாகவும் எழும்பியிருந்தன. கீழே கிடந்த பலகைக் கற்களில் கப்பலும் மண்டையோடும் கொடியும். சௌமியா ஒரு கல்லில் பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்தாள், வரவில்லை.

"இவங்கெல்லாம் கடல்ல செத்தவங்களா?" என்று பச்சையம்மா காவல்காரரிடம் கேட்டாள்.

"காய்ச்சல்ல செத்தது, பிரசவத்துல செத்தது, எல்லாம் கீதுமா. கடல்ல போனவனுக்கு ஏது சமாதி? பொதைக்க ஆள் வேணுமே."

"ஆமா" என்றாள் பச்சையம்மா. ஒரு சின்ன கல்லின் மேல் விழுந்திருந்த சருகை முந்தானையால் தள்ளினாள். பிறகு பக்கத்துக் கல்லையும் துடைத்தாள். ஏழெட்டுக் கற்கள் துடைத்தாள்.

வெயில் ஏறியது. பவானி போகலாம் என்றாள். சின்னவள் கண்ணில் படவில்லை.

"எண்ணு நைனா. வந்துடுவா."

கோதண்டம் வாசல் பக்கம் பார்த்து நின்றபடி "ஒண்ணு" என்றார். எண்கள் தோட்டத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் வந்தன. ஆறு வந்தது. பிறகு ஏழு வந்தது, அவருக்கு இடது பக்கம், பின்னால், தாழ்வாக.

சினேகா வலது பக்கச் சமாதிக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தாள்.

கோதண்டத்தின் முழங்கை மயிர் நின்றது. காவல்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இங்க அப்டித்தான் பெரியவரே. செவுரு வாங்கித் திருப்பிக் குடுக்கும். சத்தம் எங்கேந்து வருதுன்னு நம்பக்கூடாது."

*

ஏரிக்கரையில் தேசப்பன் காத்திருந்தார். காசிமேட்டுக்கு நண்டு கொண்டுவருகிற பழைய சிநேகிதர். பைபர் படகு வைத்திருந்தார். சுற்றுலா வருகிறவர்களைப் படகில் ஏற்றக்கூடாது என்று அவர் தலைக்கு மேலேயே போர்டு இருந்தது.

"அது டூரிஸ்டுக்குயா. நீ இன்னா டூரிஸ்டா? முகத்துவாரம் வரிக்கும் இட்டுகினு போறேன், மணல்ல குந்தி சோறு துண்ணுட்டு வரலாம்."

"நீங்க போங்க. நான் இங்க குந்தினு கீறேன்" என்றார் கோதண்டம்.

சினேகா அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். "நீ வரலன்னா ஒண்ணு யாரு சொல்லுவா?"

எட்டு வருஷத்துக்குப் பிறகு அவர் படகில் ஏறினார். முன் முனையில், எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். படகில் மிதவைச் சட்டை ஒன்றுதான் இருந்தது, ஆரஞ்சு நிறம். அதைச் சினேகாவுக்கு மாட்டிவிட்டார்கள். கழுத்துக்கு மேல் அது தூக்கிக்கொண்டு நின்றது. ஏரி அகலமாக, ஆழமில்லாமல், வெள்ளையாகக் கிடந்தது. தூரத்தில் நிற்கிற படகுகள் தண்ணீரைத் தொடாமல் கொஞ்சம் மேலே மிதப்பது போல் தெரிந்தன. தேசப்பன் எஞ்சினை மெதுவாக விட்டார். யாரோ எங்கோ இருமுவது பக்கத்தில் இருமுவது போல் கேட்டது.

முகத்துவாரத்து மணல்திட்டில் இறங்கிச் சாப்பிட்டார்கள். பச்சையம்மா எல்லாருக்கும் போட்ட பிறகு, ஒரு பிடி சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்து, கடல் பக்கம் நடந்து போய் ஈர மணலில் வைத்துவிட்டு வந்தாள். அலை வந்து எடுத்துக்கொண்டது. அவள் வீட்டிலும் தினம் ஒரு பிடி ஒதுக்குவாள் என்று அங்கம்மாவுக்குத் தெரியும். பேரப்பிள்ளைகள் கேட்பதற்குள் அங்கம்மா "காக்காவுக்கு" என்று சொல்லிவிட்டாள். அங்கே காக்கை எதுவும் இல்லை.

வெயிலுக்குப் பயந்து, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய படகின் நிழலில் சினேகாவைப் படுக்க வைத்தார்கள். மிதவைச் சட்டையைக் கழற்றிவிட்டுத் தூங்கினாள். சௌமியா கிளிஞ்சல் பொறுக்கப் போனாள். கோதண்டம் எழுந்து நிற்காமல் இருந்த இடத்திலேயே இருந்தார். ஏரியும் கடலும் சேர்கிற இடத்தில் தண்ணீர் இரண்டு நிறமாகப் பிரிந்து, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்குக் காற்று எழும்பியது.

"ஏறுங்க, ஏறுங்க. காத்து ஏறிச்சுன்னா முகத்துவாரம் பேஜாரு பண்ணும். ஜல்தி!" என்றார் தேசப்பன்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பொருட்களை அள்ளினார்கள். தூக்கு, தட்டு, தண்ணீர்க் கேன், பாய். சௌமியா பைகளையும் மிதவைச் சட்டையையும் படகின் நடுவில் போட்டுக் காற்றில் பறக்காமல் தன் துப்பட்டாவால் மூடினாள். பாப்பாவை அம்மா தூக்கிக்கொள்வாள் என்று நினைத்தாள். மணி தூக்கிவந்துவிட்டான் என்று பவானி நினைத்தாள். துப்பட்டாவுக்கு வெளியே தெரிந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்த மணி, குழந்தை படகுக்குள்ளேயே தூங்குகிறாள் என்று நினைத்து அந்த மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

தேசப்பன் கழியை ஊன்றித் தள்ளினார். எஞ்சின் பிடித்தது. படகு ஐம்பது அறுபது கெஜம் போயிருக்கும். ஏரிக்குள் போகிற வாய்க்கால் தெரிந்ததும், யாரும் கேட்காமலே, பழைய வாய் தானாகத் திறந்தது.

"ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

"நாலு."

"அஞ்சு."

"ஆறு."

"ஏழு."

இடது பக்கம். பின்னால். தாழ்வாக. ஏழு என்று ஒரு குரல், அதன் வால் போல இன்னொரு பாதி.

கோதண்டத்துக்கு அந்த இடத்தில் மே மாதம் இல்லாமல் போயிற்று. மூக்கில் பனியின் வாடை வந்தது. கை தானாக முன்னால் நீண்டு, அங்கே இல்லாத சுக்கானைத் தேடியது. இப்போது உள்ளே போக வேண்டியதுதான். எண் சரியாக இருக்கிறது. முன்னால் பார்த்துக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான்.

அவர் திரும்பினார்.

தண்ணீரில் இருந்துகொண்டு அவர் மனிதர்களின் முகத்தைப் பார்த்து எண்ணியது அதுதான் முதல் தடவை. அங்கம்மா. பச்சையம்மா. பவானி. மணி. சௌமியா. தன் நெஞ்சில் விரலை வைத்தார். ஆறு.

"ஏழுன்னு சொன்னது யாரு?"

கேட்ட பிறகுதான் அது தங்கையின் கேள்வி என்று அவருக்கு உறைத்தது.

"பாப்பாதான் நைனா" என்றாள் பவானி, திரும்பிப் பார்க்காமல்.

"பாப்பா எங்க கீது?"

மணி சிரித்தான். "தூங்குது மாமா. அவளுக்காக நான்தான் கொரல மாத்தி..." என்று சொல்லிக்கொண்டே துப்பட்டாவை விலக்கினான். பைகள் இருந்தன. பைகள் மேல் மிதவைச் சட்டை, கைகள் இரண்டும் மடங்கி, குழந்தை மாதிரியே படுத்திருந்தது.

பவானி போட்ட சத்தத்தில் தேசப்பன் படகைத் திருப்பிவிட்டார்.

*

சினேகா தண்ணீரின் ஓரத்தில் முழங்கால் நனைய நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. பவானி குதித்து இறங்கி அவளை அள்ளி, முதுகில் இரண்டு போட்டு, பிறகு முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். அங்கம்மா மருமகனைத் திட்டத் தொடங்கினாள். "கண்ணு இன்னா பொடனிலயாடா கீது? சட்டைக்கும் புள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதா, கயிதே!" மணி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றான்.

பச்சையம்மா படகை விட்டு இறங்கவில்லை. மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பட்டாவை விலக்கின நேரத்திலிருந்து அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி" என்றாள். "அன்னிக்கும் நீதானா?"

அங்கம்மாவின் திட்டு பாதியில் நின்றது.

"சொல்லுபா. திட்ட மாட்டேன்."

"உள்ள தூங்கினு கீறான்னு நெனச்சேன் அத்த." அவன் குரல் மூக்கிலிருந்து வந்தது. "காலம்பர நாலு மணி வரிக்கும் வலை இஸ்தான். அப்பால போய் படுக்குறேன்னான். கரை வரும்போது தூங்குனா மாமா அடுத்த டிரிப்பு ஏத்த மாட்டாரு. அதான் குனிஞ்சு, அவன் கொரல்ல சொன்னேன். அதுக்கு முன்னாலயும் ரெண்டு தபா சொல்லிக்கீறேன். அவனும் எனக்காக சொல்லிக்கீறான். தோஸ்துக்காக சொல்றதுதான அத்த..."

"கற்பூரம் அட்ச்சியேடா" என்றார் கோதண்டம்.

"அட்ச்சேன் மாமா. மொத நாள் சொல்ல முடில. அப்பால ஒவ்வொரு நாளும் அதவிட கஷ்டமாயிடுச்சு."

கோதண்டம் அவனை அடிக்கத்தான் எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார். தோளில் எட்டு வருஷமாக ஏறியிருந்த ஏதோ ஒன்று இறங்கியது. குனிந்து சொல்லியிருக்கிறான். அதனால்தான் குரல் தாழ்வாக வந்தது. தண்ணீரிலிருந்து வரவில்லை. படகுக்குள்ளிருந்த ஒரு மனிதன் வாயிலிருந்து வந்தது. அர்ஜுன் பின்னால் நீந்திக்கொண்டே கூப்பிட, தான் கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்ட மாதிரி எத்தனை விடியல் நினைத்திருக்கிறார். அப்படி இல்லை. அப்படி இல்லை.

"நானும் சொன்னேன் தாத்தா" என்றாள் சினேகா.

யாரும் கவனிக்கவில்லை. அவள் தாத்தாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"நீ ஒண்ணு சொன்னது கேட்டுச்சு. நான் எய்ந்து ஓடியாந்து ஏழு சொன்னேன். கத்தி சொன்னேன். நீ கேட்டுகினே போய்கினு கீற."

கோதண்டம் படகின் பலகையில் உட்கார்ந்தார்.

ஒரு குரல். அதன் வால் போல இன்னொரு பாதி.

காற்று மணலைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனது. கோதண்டம் தங்கையின் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. அடுத்த தையில் அவள் வந்து கேட்கமாட்டாள். இதோடு விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. மணி எட்டு வருஷம் எப்படி வாயை மூடியிருந்தான் என்று அவருக்கு அந்த நேரத்தில் நன்றாகப் புரிந்தது.

"பச்சே" என்றார். "அன்னிக்கு ரெண்டு கொரல் கேட்டுச்சு."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"மொதல்ல ஒண்ணு, முழுசா. அது மணி. அதும்மேலயே இன்னொண்ணு, பாதி. பனிலதான் அப்டி கேக்குதுன்னு நெனச்சுட்டேன். இன்னிக்கும் அப்டியேதான் கேட்டுச்சு. இன்னிக்கு அந்தப் பாதி..." அவர் சினேகாவின் தலையில் கை வைத்தார். வைத்த கையை எடுக்க முடியவில்லை.

மணி தண்ணீருக்குள் மண்டியிட்டான். அலை அவன் மார்பில் வந்து மோதியது. பவானி அவனைத் தூக்கப் போகவில்லை.

பச்சையம்மா வெகுநேரம் முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று அங்கம்மா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். பச்சையம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எல்லாரும் ஏறுங்க" என்றாள். "அண்ணா, எண்ணு."

"பச்சே..."

"எண்ணுண்ணா. கண்ணு, நீ இந்தத் தபா சொல்லக்கூடாது. வாய மூடிக்க."

சினேகாவுக்கு அது புது விளையாட்டாக இருந்தது. இரண்டு உள்ளங்கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லாரும் ஏறினார்கள். தேசப்பன் படகைத் தள்ளி, முன்பு எண்ணிய அதே வாய்க்காலுக்குக் கொண்டுவந்து, சொல்லாமலே எஞ்சினை நிறுத்தினார். கோதண்டம் முன் முனையில் உட்கார்ந்து, கரையைப் பார்த்து, முதுகைக் காட்டிக்கொண்டார்.

"ஒண்ணு."

"ரெண்டு" என்றாள் அங்கம்மா.

"மூணு."

"நாலு."

"அஞ்சு" என்று மணி சொன்னது பாதிதான் வெளியே வந்தது.

"ஆறு."

பிறகு யாரும் பேசவில்லை. படகின் அடியில் தண்ணீர் தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது. இடது பக்கம், பின்னால், தாழ்வாக இருந்த இடம் முழுக்கக் காலியாக இருந்தது. எல்லாரும் அந்தக் காலி இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சினேகாவின் கண்கள் பொத்திய கைகளுக்கு மேல் பெரிதாக விரிந்து, பெரியவர்களின் முகம் ஒவ்வொன்றாகப் பார்த்தன. கடைசியில் அவள் கண்கள் தண்ணீர்ப் பக்கம் திரும்பி அங்கேயே நின்றன.

அந்த மௌனம் எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. அன்று விடியலில் மணி அதை நிரப்பாமல் விட்டிருந்தால் அது இவ்வளவு நீளமாகத்தான் இருந்திருக்கும்.

"எட்டு" என்றான் மணி. எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த விசைப்படகில் அவனுடைய எண் அதுதான்.

கோதண்டம் நிமிர்ந்தார். குரல் பழைய டிரைவரின் குரலாக, எட்டு வருஷம் தாமதமாக, வந்தது.

"ஏழு இல்ல. படகத் திருப்பு."

தேசப்பன் கயிற்றை இழுத்தார். எஞ்சின் பிடித்தது. படகு கரைக்கு முதுகைக் காட்டி, இரண்டு நிறத் தண்ணீர் ஒன்றை ஒன்று தள்ளுகிற இடத்தை நோக்கிப் போயிற்று. பச்சையம்மா எழுந்து நின்று, நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, தண்ணீரை இடமும் வலமுமாகத் தேடிக்கொண்டே வந்தாள்.